பிளாப்பியில் படம் எழுதிய கேமரா: செட்டிநாட்டு வீடுகளில் கிடக்கும் மேவிக்கா படங்களை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

1990களின் கடைசியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று இருந்தவர்கள் கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணச் சாந்திக்கோ ஊருக்கு வரும்போது ஒரு பருத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பிலிம் கிடையாது. கதவைத் திறந்து கம்ப்யூட்டர் பிளாப்பியைச் செருகுவார்கள். ஒரு படம் எடுத்ததும் உள்ளே கிர்ர் என்று ஓடும், சில விநாடி எல்லோரும் சிரித்தபடி நிற்பார்கள், அப்புறம்தான் அடுத்த படம். அதுதான் சோனி மேவிக்கா.

அந்தப் பிளாப்பிகளில் பல இன்றும் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை வீடுகளில் மர அலமாரியிலோ தகரப் பெட்டியிலோ கிடக்கின்றன. அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பம் பத்திரமாக இருக்கும், ஸ்டூடியோக்காரர் எடுத்தது. ஆனால் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் ஆச்சி, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் முறுக்கு பிழியும் கூட்டம், இதெல்லாம் ஆல்பத்தில் வராது. பிளாப்பியில்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி பிளாப்பியிலிருந்து படத்தை வெளியே எடுப்பதைப் பற்றியது. கேமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதில் புதிதாகப் படம் எடுப்பதையும் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அதற்கு அவசரம் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேண்டுகோள்: பிளாப்பிகள் அத்தனையும் படித்து முடியும் வரை அந்தக் கேமராவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகும் மூட்டையில் அது போய்விட்டால், சில பிளாப்பிகளைத் திறக்க வேறு வழியே இல்லாமல் போகலாம். காரணம் கீழே வருகிறது.

எந்தக் கேமரா, என்ன படம்

மேவிக்கா என்ற பெயர் 1981லேயே வந்தது. மேக்னடிக் வீடியோ கேமரா என்பதன் சுருக்கம். அன்று சோனி காட்டிய மாதிரி டிஜிட்டல் இல்லை. டிவி சிக்னலைப் போல அனலாக் படத்தை இரண்டு அங்குலக் காந்தத் தட்டில் எழுதியது. நமக்கு வேண்டியது 1997ல் வந்த டிஜிட்டல் மேவிக்கா. முதலில் இரண்டு: எம்விசி-எஃப்டி5, எம்விசி-எஃப்டி7. பின்னதில் பத்து மடங்கு ஆப்டிகல் ஜூம். இரண்டும் 640க்கு 480 புள்ளி (பிக்சல்) அளவில் ஜேபெக் படம் எழுதும். அதாவது மொத்தம் 3,07,200 புள்ளி, ஒரு மெகாபிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

1998ல் வந்த எஃப்டி81, எஃப்டி91 இரண்டும் 1024க்கு 768 வரை போயின. 2000ல் எஃப்டி95 இரண்டு மெகாபிக்சலை எட்டியது. 2001 முதல் வந்த எஃப்டி97 போன்ற சிலவற்றில் பிளாப்பியோடு சோனியின் மெமரி கார்டான மெமரி ஸ்டிக்கும் போடலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பானாசோனிக்கும் 120 எம்பி சூப்பர்டிஸ்க் போடும் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் தட்டு பார்க்கப் பிளாப்பி மாதிரியே இருக்கும், சாதாரண டிரைவில் படிக்காது.

ஏன் பிளாப்பி? அன்று மற்ற டிஜிட்டல் கேமராக்களுக்குத் தனி கேபிள், தனி மென்பொருள், சீரியல் போர்ட்டில் நெடுநேரக் காத்திருப்பு எல்லாம் தேவைப்பட்டன. மெமரி கார்டு விலை கண்ணைக் கட்டும். பிளாப்பி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டரோ அபூர்வம். ஊரில் இருந்த ஒரே டிடிபி சென்டரில்கூடத் தட்டைச் செருகிப் படத்தைப் பார்த்துவிடலாம். எஃப்டி7ல் ஒரு பிளாப்பிக்கு நல்ல தரத்தில் 15 முதல் 20 படம், சாதாரணத் தரத்தில் 30 முதல் 40. ஆகவே ஒரு கல்யாணத்துக்கு ஒரு பெட்டி பிளாப்பி ஆகும். ஒன்று கிடைத்தால் இன்னும் பத்து எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: தேடிச் சேர்ப்பது

பெரிய வீடுகளில் இதுதான் சிரமம். வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒரு அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி, சாவி சென்னையிலோ கோலாலம்பூரிலோ. வீடு முழுதாகத் திறப்பது முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்த நாளில்தான் தேட முடியும். முன்கூட்டியே எல்லோருக்கும் ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள்: பிளாப்பி இருந்தால் எடுத்து வாருங்கள், யாரும் வீட்டில் செருகிப் பார்க்க வேண்டாம்.

எங்கே தேடுவது? கேமராப் பை, பழைய கம்ப்யூட்டர் மேசை இழுப்பறை, பாஸ்போர்ட்டும் பத்திரமும் வைக்கும் இரும்புப் பீரோ, பரண். பிளாப்பியின் லேபிளில் ‘விண்டோஸ் பேக்கப்’ என்று எழுதியிருந்தாலும் விடாதீர்கள். கல்யாண அவசரத்தில் கைக்குக் கிடைத்ததில்தான் எடுத்திருப்பார்கள்.

கிடைத்த உடனே ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எண், லேபிளில் உள்ள எழுத்து அப்படியே, எந்த அறை, எந்தப் பெட்டி, யார் கொடுத்தது. கல்யாணச் சாமானில் கரண்டி வரைக்கும் பட்டியல் எழுதி வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. எண்ணைப் பிளாப்பியில் எழுத மெல்லிய மார்க்கர் போதும். பழைய லேபிளின் மேல் புது லேபிள் ஒட்டாதீர்கள். மேல் லேபிள் உரிந்து டிரைவுக்குள் சிக்கினால் தட்டோடு டிரைவும் போகும்.

இரண்டாம் படி: செருகும் முன் பார்ப்பது

இதில் அவசரப்பட்டால் நஷ்டம் நிச்சயம். பிளாப்பி டிரைவில் படிக்கும் தலை தட்டின் மேல் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. ஹார்ட் டிஸ்கைப் போல மிதப்பதில்லை. தட்டில் பூஞ்சையோ மணலோ இருந்தால் தலை அதையே தேய்த்துக் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். அதே அழுக்கை அடுத்த பிளாப்பிக்கும் கொண்டுபோகும்.

நம் பக்கம் வெயில் காய்ந்த ஊர்தான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூட்டிக் கிடக்கும் அறைக்குள் ஈரம் ஏறும். அறையைத் திறக்க ஆள் இல்லாத வீட்டில் அது இறங்கவே பல வாரம் ஆகும். பூஞ்சைக்கு அது போதும்.

உலோக மூடியை விரலால் மெதுவாக ஒதுக்கிப் பிடித்து, பின்பக்கத்து உலோக வட்டத்தை விரலால் சுழற்றி, வெளிச்சத்தில் தட்டை முழுச் சுற்றும் பாருங்கள். இரண்டு பக்கமும். தட்டை விரலால் தொடக்கூடாது. ஒரே மாதிரி பளபளக்கும் பழுப்புக் கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொட்டு, பொடி, பூ மாதிரி படர்வு இருந்தால் பூஞ்சை. வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் ஏற்கனவே ஒரு டிரைவ் அதைச் சுரண்டியிருக்கிறது. சுழலவே மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். வட்டத்தை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து இளக்குங்கள்.

பார்த்தபடி மூன்று குவியலாகப் பிரியுங்கள். சுத்தமானது, சந்தேகமானது, பூஞ்சை பிடித்தது. மூன்றாவது குவியலை ஒரு பையில் போட்டுத் தனியே வையுங்கள். இன்றைக்கு அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் எழுது தடைத் தாழ். பிளாப்பியின் ஒரு மூலையில் நகரும் சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை நகர்த்தித் துளை திறந்து தெரியும்படி வைத்தால் தட்டில் எதுவும் எழுத முடியாது. எதிர் மூலையில் இருப்பது வேறு துளை, அது 1.44 எம்பி தட்டு என்பதற்கான அடையாளம், அதற்குத் தாழ் கிடையாது. ஒவ்வொரு பிளாப்பிக்கும் தாழைத் திறந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கம்ப்யூட்டர் சும்மா திறந்து பார்க்கும்போதுகூடத் தட்டில் எதையாவது எழுதிவைக்கும் பழக்கம் உண்டு.

மூன்றாம் படி: டிரைவ்

யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் இன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செருகியதும் ஏ டிரைவாக வந்துவிடும், தனி மென்பொருள் வேண்டாம். லினக்ஸிலும் அப்படியே. புதிதாக வாங்கும் மலிவு டிரைவ்களின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பழைய லேப்டாப் கம்பெனிகளின் பெயரோடு வந்த யூஎஸ்பி டிரைவ் கைக்குக் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வேன். வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று ஓடுகிற நிலையில் இருந்தால் அதன் உள்ளே பொருத்திய டிரைவ் இன்னும் மேல். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பழைய கம்ப்யூட்டர் சென்டர், பள்ளி லேப் போன்ற இடங்களில் விசாரித்தால் ஒன்று அகப்படும்.

இரண்டு டிரைவ் இருந்தால் நல்லது. ஒன்று படிக்காததை மற்றது படிப்பது சர்வ சாதாரணம்.

குடும்பப் படத்தைச் செருகும் முன், போனாலும் கவலையில்லை என்ற ஒரு பிளாப்பியைப் போட்டு டிரைவைச் சோதியுங்கள். பழைய டிரைவ் என்றால் தலையைத் துடைக்க வேண்டும். அதற்கென்று துணித் தட்டு வைத்த கிளீனிங் பிளாப்பி விற்பார்கள். அதில் சில சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு ஓட்டினால் போதும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடுவதாக இருந்தால் மேல் தலையைத் தூக்கவே கூடாது. மெல்லிய தகட்டில் தொங்குகிற அது கொஞ்சம் வளைந்தாலும் டிரைவ் அவ்வளவுதான்.

நான்காம் படி: முதலில் டிஸ்க் இமேஜ், அப்புறம்தான் படம்

எல்லோரும் செய்வது, ஏ டிரைவைத் திறந்து, சின்னப் படங்கள் வரும் வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ‘அட, இது யார் பார்’ என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, கடைசியில் காப்பி செய்வது. அதற்குள் தலை அந்தத் தட்டில் நூற்றுக்கணக்கான சுற்று தேய்ந்திருக்கும். இருபத்தைந்து வருடத் தட்டுக்கு அந்த முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம். ஆகவே அந்த ஓட்டத்திலேயே தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துவிட வேண்டும். இதுதான் டிஸ்க் இமேஜ்.

பிளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 தடம் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், ஒரு தடத்தில் 18 செக்டார் (துண்டு), ஒரு செக்டாரில் 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். நல்ல இமேஜ் கோப்பின் அளவு சரியாக இந்த எண்ணாகத்தான் இருக்கும். குறைந்தால் வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

விண்டோஸில் வின்இமேஜ் போன்ற மென்பொருள் இதைச் செய்யும். என் சிபாரிசு லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ. உபுண்டு என்ற இலவச லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கி ஓட்டலாம், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாகப் படிக்கிற செக்டாரையெல்லாம் வாரிக்கொள்ளும், அடம்பிடிப்பதைக் கடைசிக்கு ஒதுக்கும். எது வந்தது எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பும் எழுதும். நாளைக்கு வேறு டிரைவில் அதே பிளாப்பியைப் போட்டு, அதே வரைபடத்தைக் கொடுத்து ஓட்டினால், விட்டுப்போன செக்டாரை மட்டும் தேடிப் போய் நிரப்பும். இரண்டு அரைகுறை டிரைவ் சேர்ந்து ஒரு முழுப் பிளாப்பியைப் படித்துவிடும்.

பழுதில்லாத தட்டு ஓரிரு நிமிடத்தில் முடியும். ஓடும்போது காதைக் கொடுங்கள். டக், டக் என்று தலை நகரும் சத்தம் இயல்பு. விடாமல் கரகரவென்று உரசும் சத்தம் வந்தால் உடனே வெளியே எடுத்துவிட்டுத் தட்டையும் தலையையும் பாருங்கள்.

‘டிஸ்கை ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்பதே பதில்.

இமேஜ் வந்த பிறகு பிளாப்பியைத் தூர வைத்துவிடலாம். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் இமேஜைத் திறந்தால் படங்கள் வரிசையாக இருக்கும். எம்விசி-001எஃப் என்பது போன்ற பெயர்கள்; கடைசியில் எஃப் இருந்தால் நல்ல தரம், எஸ் இருந்தால் சாதாரணத் தரம். கூடவே 411 என்று முடியும் சின்னக் கோப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் 4,608 பைட். அவை கேமரா தன் திரையில் சிறு படமாகக் காட்ட வைத்துக்கொள்ளும் 64க்கு 48 புள்ளிப் படங்கள். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். பெரிய படம் கெட்டுப்போன இடத்தில், அது யாருடைய படம் என்று தெரிய அந்தப் பொடிப் படம்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதுப் பிளாப்பி போட்டால் மேவிக்கா மறுபடியும் 001லிருந்து எண்ணத் தொடங்கும். பத்துப் பிளாப்பியிலும் அதே 001 இருக்கும். எல்லாவற்றையும் ஒரே போல்டரில் இழுத்துப் போட்டு, ‘மாற்றவா?’ என்ற கேள்விக்குச் சரி என்று தட்டினால் ஒன்பது பிளாப்பிப் படம் போயே போச்சு. பிளாப்பி எண்ணிலேயே ஒரு போல்டர், அதற்குள் அதன் படங்கள், அதற்குள்ளேயே அதன் இமேஜ். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: படிக்க மறுக்கும் பிளாப்பி

படிக்கவில்லை என்பதில் பல வகை உண்டு. இமேஜ் முழுதாக வந்துவிட்டது, ஆனால் உள்ளே படமே காட்டவில்லை என்றால் பயப்படத் தேவையில்லை. பிளாப்பியில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை முழுவதும் தொடக்கத்து 33 செக்டாரில், வெளி ஓரத்துத் தடத்தில் இருக்கிறது. அந்த ஒரு தடம் கெட்டால் தட்டே காலி என்று கம்ப்யூட்டர் சொல்லும். படங்கள் உள்தடங்களில் அப்படியே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளிடம் இமேஜைக் கொடுங்கள். அது அட்டவணையைப் பார்க்காது, ஜேபெக் கோப்பு தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் படத்தை வெட்டி எடுக்கும். கேமரா படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதால் மேவிக்கா பிளாப்பியில் இது நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் அழித்து அழித்து எடுத்த தட்டில்தான் படம் துண்டு துண்டாகிக் கிடக்கும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. கேமராவில் ‘நன்றாக இல்லை’ என்று அழித்த படம் உண்மையில் தட்டிலிருந்து அழிவதில்லை. அட்டவணையில் அதன் பெயர் மட்டும் அடிபடும். அந்த இடத்தில் வேறு படம் எழுதப்படாமல் இருந்தால் போட்டோரெக்கில் அதுவும் வெளியே வரும். கண் மூடிய மாப்பிள்ளை, பாதி முகம் வெட்டுப்பட்ட அப்பத்தா. இப்போது பார்க்க அவைதான் நன்றாக இருக்கின்றன.

பல செக்டார் வரவில்லை என்றால் வெளியே எடுத்து மறுபடி செருகி ஓட்டுங்கள். தட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி உட்காரும், சில சமயம் அதுவே போதும். அப்புறம் அடுத்த டிரைவ். கம்ப்யூட்டர்க் கை உள்ள தம்பி யாராவது வீட்டில் இருந்தால் கிரீஸ்வீசல் என்ற சின்னச் சர்க்யூட் போர்டைத் தேடச் சொல்லுங்கள். பழைய டெஸ்க்டாப் டிரைவை யூஎஸ்பியோடு இணைத்து, செக்டாராக அல்லாமல் தட்டின் காந்த மாற்றங்களையே நேரடியாகப் பதிவு செய்யும். சாதாரண டிரைவ் கைவிட்ட தட்டிலும் அதில் ஏதாவது தேறும்.

ஒரே ஒரு டிரைவ் அல்ல, எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கவில்லை, தட்டோ பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்றால்? இப்போதுதான் கேமராவை விற்காதீர்கள் என்று சொன்னதன் காரணம். கேமராவுக்குள் இருக்கும் டிரைவின் தலை நாளாக ஆக, அல்லது ஒரு முறை கீழே விழுந்ததில், சற்றே இடம் தள்ளிப்போகும். அது தள்ளிப்போன இடத்திலேயே எழுதும், அங்கேயே படிக்கும், தன் கணக்குக்கு எல்லாம் சரி. மற்ற டிரைவ்களோ தடம் இருக்க வேண்டிய இடத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று கைவிரிக்கும். அந்தப் பிளாப்பியைப் படிக்க உலகத்திலேயே பொருத்தமான டிரைவ் எழுதிய கேமராதான்.

பூஞ்சைக் குவியலுக்கு வருவோம். மிக வேண்டியது என்றால் மட்டும் செய்யுங்கள். மேலுறையை ஓரத்தில் மெதுவாகப் பிளந்து, தட்டை உலோக வட்டத்தைப் பிடித்து வெளியே எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு அலசி, சுத்த நீரில் மறுபடி அலசி, தூசியில்லாத இடத்தில் நிழலில் உலரவிட்டு, வேறொரு நல்ல பிளாப்பியின் உறைக்குள் மாற்றிப் போட வேண்டும். முதலில் ஒரு வெற்றுப் பிளாப்பியில் செய்து கை பழகுங்கள். மாற்றிப் போட்ட தட்டை இமேஜ் எடுக்க ஒரு முறை மட்டும் ஓட்டி, உடனே டிரைவ் தலையைத் துடைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: கேமராவை எழுப்புவது

பேட்டரி செத்திருக்கும். அதனால் கேமராவும் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எஃப்டி வரிசையில் பலவற்றுக்கும் சோனியின் என்பி-எஃப் வகை பேட்டரிதான், 7.2 வோல்ட். அதே வடிவப் பேட்டரியை இன்று கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்இடி விளக்குக்கும் மானிட்டருக்கும் மாட்டுகிறார்கள். காரைக்குடியில் எந்த வீடியோ யூனிட்டிடம் கேட்டாலும் ஒன்று இருக்கும். என்பி-எஃப்550 அளவு சரியாக உட்காரும். ஒரு சிக்கல்: மீதிச் சார்ஜைக் கேமராவுக்குச் சொல்லும் சோனியின் இன்ஃபோலித்தியம் பேட்டரிக்கு மட்டும் என்று சொல்லி மேவிக்கா சில மாற்றுப் பேட்டரிகளை ஏற்காது. வாங்கும் முன் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். மாட்டும் முன் கேமராவின் பேட்டரிக் குழியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பார்த்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலர விடுங்கள்.

எழுந்ததும் குடும்பப் பிளாப்பியைப் போடாதீர்கள். வெற்றுப் பிளாப்பி ஒன்றைப் போட்டு இரண்டு படம் எடுத்து, அதே கேமராவில் பார்த்து, பிறகு கம்ப்யூட்டரிலும் பாருங்கள். இரண்டிலும் வந்தால் டிரைவ் நேராக இருக்கிறது. கேமராவில் மட்டும் வந்தால் மேலே சொன்ன தள்ளிப்போன தலைதான். பல வருடம் சும்மா கிடந்த டிரைவில் தலை நகரும் தண்டின் கிரீஸ் இறுகியிருக்கலாம். வெற்றுப் பிளாப்பியை நாலைந்து முறை போட்டு எடுத்தாலே சில நேரம் இளகிவிடும்.

கேமரா மட்டுமே படிக்கிற பிளாப்பியின் படத்தை வெளியே கொண்டுவருவது எப்படி? பிளாப்பியோடு மெமரி ஸ்டிக்கும் ஏற்கும் எஃப்டி97 போன்ற மாடல் என்றால், கேமராவிலேயே பிளாப்பியிலிருந்து மெமரி ஸ்டிக்குக்குக் காப்பி செய்யலாம். யூஎஸ்பி துளை உள்ள மாடலில் கேபிளிலேயே எடுக்கலாம். பழைய எஃப்டி7 போன்றவற்றில் இது எதுவும் இல்லை. சில மாடல்களில் ஒரு பிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும் வசதி உண்டு, ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை. அதே கோணல் தலைதானே புதுப் பிளாப்பியிலும் எழுதப்போகிறது? வேறு வழியே இல்லாதபோது கேமராத் திரையில் படத்தைக் கொண்டுவந்து, இருட்டறையில் ஸ்டாண்டு வைத்து, இன்றைய போனால் அந்தத் திரையைப் படம் எடுத்துவிடுங்கள். அழகாக இருக்காது. இல்லாததற்கு இது மேல்.

ஏழாம் படி: யார், எப்போது

படம் கையில் வந்தாயிற்று. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பெயர் தெரியாத முகம் இன்னும் இருபது வருடத்தில் யாருக்கும் வேண்டாத முகம்.

கோப்பின் தேதியை அப்படியே நம்பாதீர்கள். கேமராவின் கடிகாரத்தை யாராவது சரியாக வைத்திருந்தால்தான் அது உண்மை. பல படத்தில் ஒரே ஜனவரி 1 இருந்தால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வைத்த நேரத்தை ஊருக்கு வந்தும் மாற்றாமல் விட்டிருந்தால் மணி தள்ளியிருக்கும். அமெரிக்க நேரம் என்றால் முகூர்த்தம் நடுராத்திரியில் நடந்ததாகக் காட்டும்.

கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். நம் பத்திரிகைகளில் தமிழ் வருடம் தவறாமல் இருக்கும். 1997 சித்திரையில் பிறந்தது ஈஸ்வர, அடுத்தது வெகுதானிய, 1999ல் பிரமாதி, 2000த்தில் விக்கிரம, 2001ல் விஷு. அறுபதாம் கல்யாணம் என்றால் இன்னும் சுலபம். ஐயா பிறந்த வருடப் பெயரே திரும்பி வந்திருக்கும். அவர் 1940 விக்கிரமவில் பிறந்தவர் என்று தெரிந்தால் சாந்தி 2000 விக்கிரமவை ஒட்டித்தான். சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், ஆனால் 640 புள்ளியில் தேதி எண் தெரிவது அதிர்ஷ்டம்.

முகத்துக்குப் பெயர் கேட்க, படங்களை டிவியில் ஓடவிட்டு ஆச்சிகளையும் ஆயாக்களையும் முன்னால் உட்கார வையுங்கள். போனில் காட்டாதீர்கள், தெரியாது என்பார்கள். அவர்கள் பேசுவதைப் போனில் ரெக்கார்டு போட்டுவிடுங்கள். எழுதிக்கொண்டிருந்தால் பாதி விட்டுப்போகும். ‘இது நம்ம மூணாம் வீட்டு அண்ணன், மாத்தூர்க் கோயிலு, பொண்ணு எடுத்தது கோனாபட்டுல’ என்று ஒரு வாக்கியத்தில் வீடு, கோயில் (எந்தப் பிரிவு என்பது), சம்பந்தம் மூன்றும் வந்துவிடும். அதை அப்படியே படத்தின் எண்ணுக்கு நேரே எழுதுங்கள்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், நோட்டீஸ், பத்திரிகைதான் 1994ல் தொடங்கிய சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். அவர் சேர்த்ததில் கல்யாணப் பத்திரிகையும் அடக்கம். ஒரு காலத்தில் குப்பைக்குப் போகிற காகிதம் அது. உங்கள் பிளாப்பிக் குவியலைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிரிண்டும் பெரிதாக்கலும்

640க்கு 480 படத்தைத் தரமான பிரிண்டாகப் போட்டால் இரண்டு அங்குல அகலம்தான் வரும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நாலு அங்குலம். முகப்பில் மாட்டும் பெரிய பிரேமுக்கு இது ஆகாது. அதற்காகச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுப் பெரிதாக்குகிறார்கள். தெளிவாக வரும், ஆனால் இல்லாத புள்ளியை அது கற்பனையில் நிரப்புகிறது. அப்பச்சியின் முகத்தில் வேறு யாருடைய கண்ணோ வந்து உட்கார்ந்திருக்கும். போட்டாலும் தனிப் பெயரில் சேமியுங்கள், பிளாப்பியிலிருந்து வந்த கோப்பைத் தொடாதீர்கள். திருப்புவது, வெட்டுவதுகூடப் பிரதியில்தான். ஜேபெக் படத்தைத் திறந்து மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் கரையும்.

இன்றைக்கு அதில் படம் எடுக்க

ஆசை இருந்தால் எடுத்துப் பாருங்கள். சோனி ஜப்பானில் பிளாப்பி விற்பனையை 2011ல் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. வாங்கியதைக் கம்ப்யூட்டரில் முழு ஃபார்மட் செய்யுங்கள், விரைவு ஃபார்மட் வேண்டாம். கெட்ட செக்டார் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

செட்டிநாட்டு வீடு இந்தக் கேமராவுக்குக் கஷ்டமான இடம். முற்றத்தில் கண்ணைக் கூசும் வெயில், இரண்டடி தள்ளிப் பட்டாலையில் இருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க அந்தச் சென்சாருக்குத் தெம்பில்லை. ஒன்று வெள்ளையாக வெளுக்கும், இல்லை தூண் எல்லாம் கரியாகும். முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்று உள்ளே பார்த்து எடுங்கள். சுண்ணாம்புப் பூச்சு மினுக்கும் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு உள்கட்டுவரை மென்மையான ஒளி வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இதில் நன்றாக விழுகிறது. வீட்டு முகப்பையும் காலையிலேயே எடுத்துவிடுங்கள், உச்சி வெயிலில் திரையே தெரியாது. எஃப்டி5, எஃப்டி7 இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை கிடையாது.

எழுதும் விளக்கு எரியும்போது பிளாப்பியை எடுக்காதீர்கள், கேமராவைக் குலுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து எடுத்து வைக்கும்போது

படங்களும் இமேஜ்களும் மூன்று இடத்தில் இருக்கட்டும்: வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வெளியூரில் உள்ள புள்ளியிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பெயர்ப் பட்டியலை அச்செடுத்து ஒரு பிரதியும் வையுங்கள்.

பிளாப்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள், நாளைக்கு இன்னும் நல்ல டிரைவ் வரலாம். நிமிர்த்தி நிற்க வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் பக்கம் வேண்டாம். மெத்தை மாடி அறையும் வேண்டாம், சித்திரை வெயிலில் அங்கே உறை நெளிந்துவிடும். கீழே வளவு அறைதான் குளிர்ச்சி. பாச்சை உருண்டை போட்ட புடவைப் பெட்டியில் வைக்கக்கூடாது, நாப்தலீன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். கேமராவில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளே பிளாப்பி எதுவும் இல்லை என்று கதவைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டு மூடுங்கள். தேடிக் கிடைக்காத பிளாப்பி பல நேரம் அங்கேதான் இருக்கும்.